கைக்கு எட்டும் சொற்கள்

பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தையின் கையில் ஒரு பொம்மைக் காரை வைத்து, 'கார்' என்று சொல்லிப் பாருங்கள். உருளும் சக்கரங்களும் வழவழப்பான உடலும் கைக்குத் தெரியும், கார் தெரியாது. சிறியது பெரியதைப் போல இருப்பது கண்ணுக்கு மட்டுமே புலப்படும் ஒற்றுமை. அந்தக் குழந்தை அறிந்த கார், மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டும் சீட் பெல்ட்டும் முதுகில் ஏறும் அதிர்வும்தான். 'வெளியே போகலாம்' என்று சொல்ல, சீட் பெல்ட்டின் ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் போதும்.

பார்வை மட்டும் இல்லையென்றால் பேச்சு இருக்கிறது. செவித்திறனோ அறிவு வளர்ச்சியோ சேர்ந்து குறைந்திருந்தால் பேச்சும் எட்டாமல் போகலாம். சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற படச் செயலிகள் பேச வராத குழந்தைகள் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் படத்தைப் பார்க்கக் கண் வேண்டுமே.

இப்படிப் பார்வையும் செவித்திறனும் சேர்ந்து குறைய ஒரு காரணம் ருபெல்லா என்னும் தொற்றுநோய். கர்ப்பிணிகளைத் தாக்கும் அந்நோய், சிசுவின் கண்ணைப் பாதிக்கும் என்பதை 1941இல் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1964–65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் மட்டும் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்புகளோடு பிறந்தார்கள். பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்ட இத்தகைய குழந்தைகளோடு நெதர்லாந்தில் பணியாற்றியவர் யான் வான் டைக். அவர் சொற்களிலிருந்து தொடங்கவில்லை, அசைவிலிருந்து தொடங்கினார். குழந்தை முன்னும் பின்னும் ஆடினால் பெரியவரும் உடலோடு ஒட்டி உட்கார்ந்து ஆடுவார், நடுவில் நிறுத்துவார். 'இன்னும்' என்பதுபோல் குழந்தை லேசாக அசைந்தால், உரையாடல் தொடங்கிவிட்டது.

அடுத்த படி, நாட்காட்டிப் பெட்டி. வரிசையாகச் சில அறைகள்: முதலாவதில் கரண்டி, சாப்பாட்டுக்கு, அடுத்ததில் துண்டு, குளியலுக்கு, மூன்றாவதில் சங்கிலித் துண்டு, ஊஞ்சலுக்கு. ஒரு வேலை முடிந்ததும் அதன் பொருள் 'முடிந்தது' பெட்டிக்குப் போகும். வரும் காலடியைக் கேட்கவும் நீளும் கையைப் பார்க்கவும் முடியாத குழந்தைக்கு, எல்லாம் திடீரென்றே நடக்கும். பெட்டி வந்தபின் அடுத்து நடக்கப்போவதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே கைதான் கண். குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பது, பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தைத் திருப்புவதற்குச் சமம். எனவே பெரியவர் தம் கையைக் குழந்தையின் கைக்கு அடியில் நுழைக்கிறார். பிடிக்காவிட்டால் குழந்தை கையை எடுத்துக்கொள்ளலாம். பொருளை நீட்டிய பின் காத்திருக்கவும் வேண்டும். சில குழந்தைகளுக்குப் பதில் வரவே நெடுநேரமாகும்.

ஒரு நாள் குழந்தை சாப்பிடாமலேயே கரண்டியை எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போட்டுவிடலாம். அது குறும்பல்ல, 'வேண்டாம்'. கரண்டியைத் திரும்ப எடுத்து நீட்டினால், பேசியும் பயனில்லை என்பதைத்தான் குழந்தை கற்கும். தட்டை நகர்த்திவைத்தால், தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்று அறிந்துகொள்ளும்.