மலக்குழி ஆய்வை எதிர்ப்பவர்கள் யார்? செலவை ஏற்க வேண்டியவர்கள் யார்?

2012 பிப்ரவரியில் அயர்லாந்து அரசு நீர்ச் சேவைகள் சட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. பொதுச் சாக்கடை இணைப்பின்றி செப்டிக் டேங்க் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் வந்தால் அனுமதிக்க வேண்டும். பழுது கண்டறியப்பட்டால் சரிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். பதிவு செய்யத் தவறினால் 5,000 யூரோ வரை அபராதம். ஏறத்தாழ 5 லட்சம் வீடுகள் இதன் வரம்புக்குள் வந்தன. கிராமப்புறங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மலக்குழி மரணங்களுக்கு எதிராகப் போராடும் நாம் அந்த எதிர்ப்பைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது. நியாயமான ஒரு கோரிக்கையும் நியாயமற்ற ஒரு கோரிக்கையும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

சட்டம் வந்த பின்னணி

செப்டிக் டேங்கில் திடக்கழிவு கசடாக அடியில் படிகிறது. மேலே தெளியும் நீர் மண்ணுக்குள் வடிந்து வடிகட்டப்படுகிறது. கசடு உரிய காலத்தில் அகற்றப்படாவிட்டாலோ, தொட்டியில் விரிசல் விழுந்தாலோ, மண் நீரை உறிஞ்சாவிட்டாலோ நோய்க்கிருமிகள் நிலத்தடி நீரைச் சென்றடைகின்றன. அயர்லாந்தின் கிராமங்களில் பல குடும்பங்கள் சொந்தக் கிணற்று நீரையே அருந்துகின்றன. ஒருவர் வீட்டுத் தொட்டியின் கசிவு அவருடைய கிணற்றிலும் அண்டை வீட்டாரின் கிணற்றிலும் கலக்கக்கூடும்.

கழிவுகள் குறித்த ஐரோப்பிய நெறிமுறை 1975ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கிராமப்புற வீட்டுக் கழிவுநீர் விடயத்தில் அயர்லாந்து அதை முறையாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2009 அக்டோபர் 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கெனத் தனி விதிகளை வகுத்திருந்த கேவன் மாவட்டத்துக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகே சட்டம் பிறந்தது.

எதிர்ப்பின் இரு முகங்கள்

ஃபியன்னா ஃபாயில், ஷின் ஃபெயின் ஆகிய எதிர்க்கட்சிகளும் இடதுசாரிகளும் சுயேச்சை உறுப்பினர்களும் சட்டத்தை எதிர்த்தனர். 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தபோது ஆட்சியில் இருந்ததே ஃபியன்னா ஃபாயில்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அவர்கள் முன்வைத்த முதல் வாதம் செலவு பற்றியது. நகரவாசியின் கழிவுநீரைப் பொதுப்பணத்தில் அரசே சுத்திகரிக்கிறது. கிராமத்தவர் தம் தொட்டியைத் தாமே கட்டித் தாமே பராமரிக்கிறார். இப்போது பதிவுக்கும் பழுதுக்கும் அவரே பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் அளித்த கடனுக்காக அயர்லாந்து சிக்கன நடவடிக்கைகளில் சிக்கியிருந்த காலம் அது. அதே 2012இல் வீடு ஒன்றுக்கு 100 யூரோ புதிய கட்டணமும் விதிக்கப்பட்டிருந்தது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வாதம் சொத்து பற்றியது: என் நிலத்துக்குள் வந்து பார்க்க அரசுக்கு என்ன உரிமை? இதை நாம் ஏற்க முடியாது. பொது நீரில் கலக்கும் நஞ்சுக்குத் தனிச்சொத்து என்ற வேலி காப்பாக அமையக் கூடாது.

முதல் வாதம் பலன் தந்தது. அமைச்சர் பில் ஹோகன் 50 யூரோவாக இருந்த பதிவுக் கட்டணத்தை, முதல் சில மாதங்களுக்குள் பதிவு செய்வோருக்கு 5 யூரோவாகக் குறைத்தார். ஆய்வில் தோல்வியுற்ற தொட்டிகளைச் சீரமைக்க 2013இல் 4,000 யூரோ வரை மானியம் அறிவிக்கப்பட்டது. 2024இல் அதன் உச்சவரம்பு 12,000 யூரோவாக உயர்ந்தது. தாமதத்துக்கு நாடும் விலை கொடுத்தது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் 20 லட்சம் யூரோ அபராதமும், தீர்ப்பு நிறைவேற்றப்படும் வரை நாளொன்றுக்கு 12,000 யூரோ தண்டமும் விதித்தது. ஆண்டுக்கு ஆயிரம் அளவில் நடந்துவரும் ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதித் தொட்டிகள் தோல்வியடைகின்றன. ஆய்வு தேவையா என்ற கேள்விக்கு இதுவே விடை.

பணமின்றித் தண்டனை மட்டும் இருந்தால்

செலவை அரசு ஏற்காமல் தண்டனையை மட்டும் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சாட்சி. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் லௌண்டஸ் மாவட்டத்தின் களிமண் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. வழக்கமான செப்டிக் டேங்க் அங்கே பயன்படாது. மாற்று அமைப்புக்கு ஆகும் செலவை ஏழைக் குடும்பங்களால் தாங்க இயலாது. ஆயினும் அவர்கள் மீது குற்ற வழக்குகள் பாய்ந்தன. கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் போன்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பின், 2023 மே மாதம் கூட்டாட்சி நீதித்துறையுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி மாநிலம் அந்த நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த ஒப்பந்தத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது.

நமக்கு இதில் என்ன?

அயர்லாந்தில் தொட்டியைப் புறக்கணித்தவரே அதன் கேட்டையும் பெருமளவு அனுபவித்தார். இந்தியாவில் அந்தக் கேடு சாதியின் வழியே வேறொருவர் உடல் மீது ஏற்றப்படுகிறது. தொட்டி நிறைந்து வழியும் நாளில் ஒரு தலித் தொழிலாளி அழைக்கப்படுகிறார். உள்ளே என்ன வாயு தேங்கியிருக்கிறது, கசடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது அவர் இறங்கிய பிறகே தெரிகிறது. ஆய்வாளர் செய்திருக்க வேண்டிய பணியை அவருடைய மூச்சு செய்கிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையோ மலக்குழியையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எவரையும் பணியமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. வீட்டு உரிமையாளரும் இதற்குக் கட்டுப்பட்டவரே. உச்ச நீதிமன்றம் 2014இல் மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. 2023 அக்டோபரில் சாக்கடை மரணங்களுக்கு அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை யாவும் பெரும்பாலும் உயிர் போன பிறகே நினைவுக்கு வருகின்றன. சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுக்கச் சொல்லும் அந்தச் சட்டம், செப்டிக் டேங்குகளைக் குறித்த காலத்தில் ஆய்வு செய்யும் கடமையை எவர் மீதும் சுமத்தவில்லை.

இப்படியொரு கட்டாய ஆய்வு நாளை முன்மொழியப்பட்டால் இங்கும் எதிர்ப்பு எழும். “ஏழைகள் மீது சுமை” என்று சொல்லப்படும். அப்போது நாம் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். சிறு வீடுகளின் பதிவு, ஆய்வு, சீரமைப்பு ஆகியவற்றின் செலவை அரசு ஏற்க வேண்டும். வசதி படைத்தவர் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும். கசடு அகற்றுவது இயந்திரத்தால் மட்டுமே நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளாட்சியின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆள் இறக்கியவர் மீது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய வேண்டும். கட்டணத்தைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தலாம். திறந்து பார்க்க வேண்டும் என்ற கடமையை விட்டுக்கொடுக்க முடியாது.