கரை சேர்ந்த வினைச்சொல்: 'அரைவ்'

வந்துசேர்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் 'அரைவ்' ஆகும். பஸ், கடிதம், விருந்தினர் என எதன் வருகைக்கும் இன்று இது வழங்குகின்றது. தொடக்கத்தில் இது கடற்பயணத்துக்குரிய சொல்லாகவே இருந்தது.

இலத்தீன் மொழியில் 'அட்' என்பது நமது 'கு' உருபின் பொருளைத் தரும். 'ரீப்பா' என்றால் கரை. இவை இணைந்து, 'கரையை அடைதல்' என்னும் வினையாகிப் பழைய பிரெஞ்சு மொழிக்குச் சென்றன. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சிலிருந்து அவ்வினை ஆங்கிலத்துக்கு வந்தது. காலப்போக்கில் தரைவழி வருகையையும் குறிக்கலாயிற்று. தமிழிலும் 'கரைசேர்தல்' படகுக்கு மட்டுமன்றி, துன்பம் நீங்கி நல்ல நிலையை அடைவதற்கும் வழங்குகின்றதல்லவா?

மாணவர்கள் பலர் தமிழ் உருபை எண்ணி, 'அரைவ் ரு' என எழுதிப் புள்ளி இழக்கின்றனர். 'கோ' என்பது பயணத்தைக் குறிப்பதால் 'ரு' ஏற்கும். 'அரைவ்' என்பதோ பயணத்தின் முடிவைக் குறிக்கும். நெடுந்தீவுப் படகு கரையைத் தொட்டு நிற்பதை மனத்திற் கொள்க.

கவனிக்க வேண்டியவை:
1. இறங்குதுறை, பாடசாலை போன்ற இடங்களுக்கு 'அரைவ் அற்'.
2. யாழ்ப்பாணம் போன்ற நகருக்கும், இலங்கை போன்ற நாட்டுக்கும் 'அரைவ் இன்'.
3. 'ஹோம்', 'ஹியர்', 'தெயர்' ஆகியவற்றின் முன் முன்னிடைச்சொல் வராது.
4. 'ரீச்' என்னும் வினையை அடுத்து இடப்பெயர் நேரடியாக வரும். 'ரீச் ரு' தவறு.

பயிற்சி: "நாம் ஏழு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையை வந்தடைந்தோம்." இதனை 'அரைவ்', 'ரீச்' ஆகிய இரு வினைகளாலும் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதுக.