எருமையில் முளைய மாற்றீடு: வெற்றியைத் தீர்மானிக்கும் காரணிகள்

சினைப்படுத்திய உயர்தர எருமையிலிருந்து (வழங்கி) முளையங்களைக் கழுவியெடுத்து, வேறு எருமைகளின் (வாங்கி) கருப்பையில் வைத்துக் கன்றுகளைப் பெறுவதே முளைய மாற்றீடு ஆகும். இம்முறையில் முதல் எருமைக்கன்று 1983இல் ஐக்கிய அமெரிக்காவில் பிறந்தது. எனினும், பசுவைவிட எருமையில் வெற்றி குறைவு. காரணங்களைக் கவனியுங்கள்.

1. சூலகம்: எருமையின் சூலகத்தில் புடைப்புகள் குறைவு. எனவே ஓமோன் ஏற்றினாலும் ஒரு தடவையில் கிடைக்கும் நல்ல முளையங்கள் பெரும்பாலும் 1 - 3 மாத்திரமே.

2. எடுக்கும் காலம்: எருமை முளையம் விரைவாக விருத்தியடையும். பசுவில் 7ஆம் நாளளவில் எடுக்கப்படும் முளையம், எருமையில் அதற்கு முன்பே எடுக்கப்படல் வேண்டும்.

3. வேட்கை: வழங்கியும் வாங்கியும் ஏறத்தாழ ஒரே நாளில் வேட்கைக்கு வந்திருத்தல் அவசியம். ஆனால் எருமையில் வேட்கை அறிகுறிகள் தெளிவற்றவை. வெப்பமான காலத்தில் மேலும் மங்கும்.

நினைவிற் கொள்க: கன்று வாங்கியின் கருப்பையில் வளர்ந்தாலும், அதன் பரம்பரை இயல்புகள் வழங்கியினதும் கடாவினதுமே ஆகும். மாணவர் பலர் தவறவிடுவது இதனையே.