வாசலில் நின்று கேட்பவரிடம் ‘இல்லை’ சொல்வது

காலிங் பெல் அடிக்குது. கதவைத் திறந்தா கையில் ரசீதுப் புத்தகத்தோட ஒருத்தர். ஐம்பதோ நூறோ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அது இரக்கமா, சங்கடமா?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. டெல்லாவிக்னா, லிஸ்ட், மால்மெண்டியர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டது. சிகாகோ புறநகர்களில் வீடு வீடாக ஆள் அனுப்பி நன்கொடை கேட்டார்கள். சில வீடுகளின் கதவில் மட்டும், நாளை இன்ன நேரத்துக்கு வருவோம் என்று முந்தின நாளே ஒரு நோட்டீஸ் மாட்டினார்கள். அந்த வீடுகளில் கதவு திறப்பதே 9 முதல் 25 சதவீதம் குறைந்துபோனது. ‘தொந்தரவு வேண்டாம்’ என்று டிக் அடிக்க நோட்டீஸிலேயே ஒரு கட்டமும் போட்டபோது, நன்கொடை கொடுப்பது 28 முதல் 42 சதவீதம் குறைந்தது. காணாமல் போனது பெரும்பாலும் பத்து டாலருக்குக் கீழான சின்னத் தொகைகள். முகத்துக்கு நேரே மறுக்க முடியாம கொடுத்த காசு, வேறென்ன!

அதனால நான் பெல் அடிக்கும் முன்னாடியே முடிவு பண்ணிடறேன். வருஷத்துக்கு எவ்வளவு, யாருக்கு என்று எழுதி வைத்தாச்சு. வாசலில் ஒரே வரிதான்: “வாசல்ல வாங்குறதும் இல்ல, கொடுக்கிறதும் இல்லீங்க.” காரணம் மட்டும் சொல்லக்கூடாது. சில்லறை இல்லைன்னா ‘ஜிபே பண்ணுங்க சார்’ம்பாங்க, வீட்ல கேக்கணும்னா சாயங்காலம் திரும்ப வருவாங்க. குரலை உயர்த்தவும் வேண்டியதில்லை. வெயில்ல கமிஷனுக்கு அலையுற பிள்ளைங்க, தண்ணி கேட்டா கொடுக்கலாம்.