நுண்புழையின் உட்சுவர்

மின்விசையால் இரசாயனக் கலவைகளைப் பிரித்தறியும் கலை புதியதன்று. ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் இவ்வழியே இரத்தப் புரதங்களை ஆராய்ந்த ஆர்னே திசேலியஸ், 1948-ல் நோபல் பரிசு பெற்றார். 1981-ல் அமெரிக்காவில் ஜார்கென்சனும் லூகாக்ஸும் 75 மைக்ரான் துளையுள்ள கண்ணாடி நுண்புழையில் இதனை நிகழ்த்தினர். தலைமயிர் நுழையுமோ நுழையாதோ என்னும் துளை அது! அத்துணைக் குறுகிய குழாயில் வெப்பம் தேங்குவதில்லை. ஆதலின் 30,000 வோல்ட் வரை செலுத்த இயலும்.

ஆனால் குழாயின் சுவரே இடையூறு செய்தது. சிலிக்காச் சுவர் நீர்க்கரைசலில் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அதனருகே திரளும் நேர் அயனிகள் மின்புலத்தில் நகரும்போது திரவம் முழுவதையும் இழுத்துச் செல்லுகின்றன. இன்னும் கேடானது, நேர்மின்னூட்டமுள்ள புரதங்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளுதல். ஒட்டிய புரதம் தாமதித்து வரும். சில வேளை வாராமலே போகும். அளவு பிழைபடும்.

திசேலியஸின் மாணவர் ஸ்டெல்லான் ஹியர்ட்டேன் 1985-ல் இதற்கொரு பரிகாரம் வெளியிட்டார். முதலில் சோடாக் காரத்தாலும் பின்னர் நீராலும் குழாயைக் கழுவுதல் வேண்டும். அடுத்து, ஒரு முனை சுவரைப் பற்றவும் மறுமுனை அக்ரிலமைடைப் பற்றவும் வல்ல சிலேன் என்னும் பொருளைச் செலுத்துவர். பிறகு அக்ரிலமைடுக் கரைசலை நிரப்பினால், அது நெடிய சங்கிலிகளாகத் தொடர்ந்து சுவரில் வேரூன்றிவிடும். சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பொருளைச் சேர்த்தலாகாது. சேர்த்தால் கூழ் இறுகித் துளையே அடைபடும். எஞ்சியதை நீரால் வெளியேற்றுவர்.

இங்கே அவசரம் உதவாது. கரைசலில் தங்கிய ஆக்ஸிஜன் சங்கிலி வளர்ச்சியைத் தடுக்கும்; அதை முன்னரே நீக்கவேண்டும். உள்ளே செல்வதை ஒளியால் காண்பதற்கு, குழாயின் வெளிப்பூச்சை ஓரிடத்தில் எரித்து எடுப்பர். அதையும் முதலிலேயே செய்துவிடுதல் நலம், பின்னர் நெருப்புக் காட்டினால் உட்பூச்சு கருகும். அக்ரிலமைடு நரம்புகளைத் தாக்கும் நஞ்சாதலால் கையுறையின்றித் தொடலாகாது.

முடிந்தபின் ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் சுவரைத் தூய்மை செய்த அதே காரம் இப்போது பகையாகும். சிலேனின் பிடியை அது மெல்ல அறுத்துவிடும். பூச்சிட்ட குழாயை நீராலும் மென்மையான கரைசல்களாலுமே கழுவுதல் வேண்டும்.