தோட்ட முதலாளி துன் வீ. தி. சம்பந்தன் (1919–1979)

1896இல் மலாயாவுக்கு வந்து, இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு உடைமையாளராக உயர்ந்த வீராசாமியின் புதல்வராய் இவ்வூரிலே பிறந்து, கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கல்வி பயின்ற சம்பந்தன், பிதுரார்ஜிதமாகக் கிட்டிய சொத்தைப் பெருக்குவதைக் காட்டிலும் பொதுக்காரியங்களுக்குச் செலவிடுவதிலேயே அதிக சிரத்தை காட்டினார் என்றே சொல்லவேண்டும். 1954இல் அவர் இங்கு நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார்.

அவருடைய மந்திரி பதவியும் ம.இ.கா. தலைமையும் சரித்திர நூல்களில் விஸ்தாரமாக உள்ளன. இப்பலகைக்கு அவை அவசியமில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாட, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துச் சுமந்துவந்த குடும்பங்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து திகைத்தபோது, தாமே தோட்ட முதலாளியாயிருந்தும் தொழிலாளரைத் தோட்டங்களுக்கு உடைமையாளராக்கத் துணிந்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் ஸ்தாபித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. தினக்கூலிக்காரருக்கு அதுவும் பெருந்தொகைதான். ஆகவே, மனைவி உமாசுந்தரியுடன் தோட்டந்தோட்டமாகச் சென்று அவரே பேசிப் பங்கு சேர்த்தார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

1979இல் அவர் காலமானபோது தந்தைவழி ஆஸ்தியில் பெரும்பகுதி கரைந்திருந்தது. சங்கம் தொடர்ந்து இயங்கிவருகிறது.