சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள்

நைட்ரஜன் சுழற்சியைப் படமாக வரையும்போது நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயுவுக்கு ஒரே ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த அம்புக்குறிக்குள் நான்கு படிகள் அடங்கியுள்ளன. நைட்ரேட் நைட்ரைட்டாகிறது, அது நைட்ரிக் ஆக்ஸைடாகவும் பின் நைட்ரஸ் ஆக்ஸைடாகவும் மாறுகிறது, கடைசியில்தான் நைட்ரஜன் பிறக்கிறது. மூன்றாம் படியோடு வேலை நின்றுவிட்டால்?

நைட்ரஸ் ஆக்ஸைடு நாம் அறிந்த வாயுதான். 1800-இல் ஹம்ப்ரி டேவி விரிவாக ஆராய்ந்து எழுதிய சிரிப்பூட்டும் வாயு. இதன் மூலக்கூறு எடையும் கரியமில வாயுவின் மூலக்கூறு எடையும் ஒன்றே: 44. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறத்தாழ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். போதாக்குறைக்கு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

நகரத்துக் கழிவுநீரில் சிறுநீர் வழியே நைட்ரஜன் ஏராளமாக வந்து சேர்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அதில் வளரும் நுண்ணுயிர்க் கசடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். அதன் வழிவந்த இன்றைய நிலையங்கள் பலவற்றில் இருவகைத் தொட்டிகள் உண்டு. காற்றோட்டமுள்ள தொட்டியில் அம்மோனியா நைட்ரேட்டாகிறது. அங்கேயே சிறிது நைட்ரஸ் ஆக்ஸைடும் உண்டாகிறது. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மேற்சொன்ன நான்கு படிகளும் நடைபெறுகின்றன.

இவ்வாயுவை பாக்டீரியாக்கள் உணவாகக் கொள்வதில்லை, சுவாசிக்கின்றன. அவற்றின் சோறு கழிவிலுள்ள கரிமப் பொருள். அதிலிருந்து விடுபடும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள நமக்கு ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் அவை நைட்ரஸ் ஆக்ஸைடிடம் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகின்றன. வாயு நைட்ரஜனாகவும் நீராகவும் முடிகிறது.

இந்த நான்காம் படியைச் செய்யும் நொதி தாமிரம் கொண்டது, மிகவும் நோஞ்சான்! ஆக்சிஜன் பட்டால் முடங்கும். அமிலத்தன்மை கூடினாலும் முடங்கும். முந்திய படிகளின் நொதிகள் அவ்வளவு எளிதில் துவள்வதில்லை. ஆகவே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், தீர்ப்பார் இருக்கமாட்டார். சில பாக்டீரியாக்களுக்கு அந்த நொதியே கிடையாது. வேறு சிலவற்றிடமோ முந்திய படிகளின் நொதிகள் முழுமையாக இல்லை. கடைசி நொதி மட்டும் இருக்கிறது. பிறர் விட்ட வாயுவை எடுத்துக்கொண்டே அவை பிழைக்கின்றன. என்னைப் பெரிதும் கவர்ந்தவை இவைதாம்.

வெளியேறும் நீரில் நைட்ரேட்டை மட்டும் சோதித்தால் இதெல்லாம் தெரியவராது. நான்காம் படி நடந்தாலும் நடக்காவிட்டாலும் நைட்ரேட் குறைந்தே காட்டும். தொட்டியின் மேலுள்ள காற்றையும் அளந்தால்தான் வாயு தப்பிப் போனதா என்பது புலப்படும்.